ஃபுல்லி சிந்தெடிக்னா உண்மையிலேயே என்ன? திருவக்கரை வழியா ஒரு ஆயில் பாடம்

பைக்கை சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக் ஒரு கேள்வி கேட்பாரு: "மினரல் ஊத்தவா, செமி சிந்தெடிக்கா, ஃபுல்லி சிந்தெடிக்கா?" ஒண்ணைவிட ஒண்ணு விலை ஜாஸ்தி. விலை கூடினா தரமும் கூடும்னு நம்பி நாமளும் தலையாட்டிட்டு வந்துடுறோம். அந்த டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா, எதுக்குக் காசு கொடுக்கணும், எதுக்குக் கொடுக்க வேண்டாம்னு நாமளே முடிவு பண்ணலாம். இன்னைக்கு எபிசோட் அதுக்குத்தான்.

முதல் விஷயம். எஞ்சின் ஆயில்ல சுமார் 70-லிருந்து 90 சதவீதம் வரைக்கும் பேஸ் ஆயில்தான். மிச்சம் எல்லாம் ஆடிட்டிவ். தேய்மானத்தைக் குறைக்க ஒண்ணு, கரியை ஒட்டவிடாம மிதக்க வைக்க ஒண்ணு, நுரையை அடக்க ஒண்ணுன்னு சேர்ப்பாங்க. சாம்பார்ல பருப்பு மாதிரி பேஸ் ஆயில். பருப்பு சரியில்லன்னா எவ்வளவு தாளிச்சும் பிரயோஜனம் இல்ல.

ஏன் திருவக்கரை?

விழுப்புரம் மாவட்டத்துல, திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல இருக்கு திருவக்கரை. வீக்கெண்ட் ரைடு போறவங்களுக்கு வக்ரகாளியம்மன் கோயிலும் கல்மரப் பூங்காவும் தெரிஞ்சிருக்கும். அதே வட்டாரத்துல கல்குவாரி, கிரஷர், ஜல்லி ஏத்திக்கிட்டுப் போற டிப்பர் லாரிகளும் இருக்கு. பேஸ் ஆயில்ல மொத்தம் அஞ்சு குரூப். அந்த அஞ்சுக்கும் வேலை இருக்கிற ஊர் இது. அதனாலதான் இதை உதாரணமா எடுத்துக்கிறோம்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடலாம். கல்மரங்களைப் பார்த்துட்டு, "இப்படிப் புதைஞ்ச மரம்தான் பெட்ரோலியம் ஆச்சு"ன்னு சிலர் சொல்வாங்க. அப்படி இல்ல. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி மண்ணுல புதைஞ்ச அந்த மரங்களோட திசுக்கள்ல சிலிகா போய் உட்கார்ந்து, மரம் அப்படியே கல்லாயிடுச்சு. கச்சா எண்ணெய் வேற கதை. கடல்ல வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சேற்றோட சேர்ந்து புதைஞ்சு, பூமிக்கடியில சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து உருவானதுதான் பெரும்பாலும் கச்சா எண்ணெய்.

எண்ணெயை எப்படி எடை போடுறாங்க?

பேஸ் ஆயிலோட குணத்தைப் புரிஞ்சுக்க நாலு விஷயம் போதும்.

ஒண்ணு, விஸ்காசிட்டி, அதாவது பிசுபிசுப்பு. தேன் மெதுவா வழியும், தண்ணி சட்டுனு ஓடும். அந்த வித்தியாசம்தான்.

ரெண்டு, விஸ்காசிட்டி இன்டெக்ஸ், சுருக்கமா வி.ஐ. எல்லா எண்ணெயும் சூடானா இளகும். எவ்வளவு குறைவா இளகுதோ, வி.ஐ. அவ்வளவு அதிகம். 1929-ல டீன், டேவிஸ்னு ரெண்டு பேர் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தாங்க. அன்னைக்குக் கிடைச்சதுல நல்லதா இருந்த பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100, மோசமா இளகின வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0. இது அமெரிக்காவுல இருக்கிற மெக்சிகோ வளைகுடாக் கரை. இன்னைக்கு 100-ஐத் தாண்டின எண்ணெய் சர்வ சாதாரணம்.

மூணு, போர் பாயின்ட். மார்கழி காலைல தேங்காய் எண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு நிக்குமே, அது மாதிரி எண்ணெய் ஓட்டத்தை நிறுத்துற வெப்பநிலைக்கு முந்தின நிலை. கச்சா எண்ணெய்ல வர்ற மெழுகுதான் இங்க வில்லன்.

நாலு, ஆக்சிடேஷன். சூட்டுலயும் காத்துலயும் எண்ணெய் எவ்வளவு நாள் கெடாம தாங்கும்ங்கிறது.

அஞ்சு குரூப்

இந்தப் பிரிவுகளை வகுத்தது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்.

குரூப் 1: நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு கதை இருக்கு. 1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ் தொடங்கினாங்க. இந்திய அரசு, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம், அமெரிக்காவோட அமோகோ மூணும் கூட்டு. 1969-ல மணலியில ஆலை ஓட ஆரம்பிச்சது. 2000-ல சென்னை பெட்ரோலியம்னு பேர் மாறுச்சு. பெட்ரோல், டீசலோட லூப் பேஸ் ஆயிலும் அங்க தயாராகுது. குரூப் 1 செய்முறை ரொம்பப் பழசு. கச்சா எண்ணெயோட கனமான பகுதியைக் கரைப்பான் ஊத்திக் கழுவி, தேவையில்லாததைப் பிரிச்சு, குளிர வெச்சு மெழுகை வடிகட்டுவாங்க. கழுவினாலும் கொஞ்சம் கந்தகம், கொஞ்சம் அரோமேட்டிக் மிச்சம் இருக்கும். சாச்சுரேட் 90 சதவீதத்துக்குக் கீழ, இல்லன்னா கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேல இருந்தா அது குரூப் 1. வி.ஐ. 80-லிருந்து 120-க்குள்ள.

"அப்போ இது மட்டமான சரக்கா?" இல்ல. கிரஷர்ல கருங்கல்லை நொறுக்குற தாடையோட பேரிங்கை நினைச்சுப் பாருங்க. சுத்துற வேகம் கம்மி, விழுற அடி பயங்கரம். அங்க கெட்டியான எண்ணெய்ல செஞ்ச கிரீஸ் வேணும். அதுக்கு உதவுற பிரைட் ஸ்டாக்ங்கிற ரொம்பக் கெட்டியான எண்ணெய் பெரும்பாலும் குரூப் 1 ஆலைகள்ல இருந்துதான் வருது. உலகம் முழுக்க அந்த ஆலைகள் குறைஞ்சுக்கிட்டு வர்றதால, இந்தப் "பழைய சரக்கு"க்கு இப்போ தனி மவுசு.

குரூப் 2: இங்க கழுவுறதோட விடமாட்டாங்க. அதிக அழுத்தத்துல ஹைட்ரஜனைச் செலுத்தி, மூலக்கூறையே மாத்துவாங்க. கந்தகம் போயிடும், எண்ணெய் தண்ணி மாதிரி தெளிவாயிடும், சீக்கிரம் கெடாது. மேற்கு வங்கத்துல இருக்கிற ஹால்டியா ரிஃபைனரியில இது தயாராகுது. டிப்பர் லாரியோட டீசல் எஞ்சினுக்கும், பொக்லைனோட ஹைட்ராலிக்ஸுக்கும் இது பொருத்தம்.

குரூப் 3: அதே ஹைட்ரஜன் வழிதான், ஆனா இன்னும் கடுமையா. வி.ஐ. 120-ம் அதுக்கு மேலயும். நீங்க வாங்குற "சிந்தெடிக்" டப்பாக்கள் நிறையத்துல இருக்கிறது இதுதான்.

குரூப் 4: பாலி ஆல்ஃபா ஓலிஃபின். இதை எத்திலீன்ல இருந்து ஒவ்வொரு கண்ணியா கோத்துக் கட்டுறாங்க. மெழுகே கிடையாது. இதுல லேசான ரகங்கள் மைனஸ் 50 டிகிரியிலும் ஓடும். நம்ம ஊருக்கு எதுக்கு அதுன்னு கேப்பீங்க. பாறையில துளை போடக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் நாள் முழுக்கச் சூட்டுல ஓடுது. அந்தச் சூட்டைத் தாங்குறதுதான் இங்க பலன். குறையும் உண்டு. ஆடிட்டிவ் இதுல சரியா கரையாது, ரப்பர் சீல் சுருங்கும். அதனால கூட எஸ்டர் சேர்ப்பாங்க.

குரூப் 5: மேல சொன்ன நாலுலயும் அடங்காத எல்லாமே. எஸ்டர், கிளைகால், சிலிக்கோன். நம்ம பாட்டன் காலத்துல மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயையும் வைக்கோல் கரியையும் குழைச்சு வண்டி மை போட்டாங்களே, அந்த விளக்கெண்ணெயும் வேதியியல்படி எஸ்டர்தான். காஸ்ட்ரால்ங்கிற பேரே ஆமணக்கோட இங்கிலீஷ் பேர்ல இருந்து வந்ததுதான். இரும்பை நல்லா கவ்விப் பிடிக்கும். ஆனா சூட்டுல சீக்கிரம் பிசினாயிடும்.

சிந்தெடிக்ங்கிற வார்த்தை

முன்னாடி சிந்தெடிக்னா குரூப் 4, 5 மட்டும்தான். காஸ்ட்ரால் குரூப் 3 எண்ணெயை சிந்தெடிக்னு வித்தப்போ, அது கச்சா எண்ணெய்ல இருந்து வந்தது, அந்தப் பேர் கூடாதுன்னு மொபில் புகார் கொடுத்துச்சு. அமெரிக்காவுல விளம்பரங்களைப் பரிசீலிக்கிற அமைப்பு 1999-ல காஸ்ட்ராலுக்குச் சாதகமா முடிவு சொன்னது. அதுக்கப்புறம் அந்த வார்த்தைய வெச்சு உள்ள எந்த குரூப் இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாமப் போச்சு. குரூப் 3 மோசமான எண்ணெய் இல்ல, ரொம்ப நல்ல எண்ணெய். ஆனா டப்பா முன்பக்கத்துல இருக்கிற பெரிய எழுத்து உங்களுக்கு எதையும் உறுதி சொல்லல.

உறுதி சொல்றது பின்பக்கத்துல இருக்கிற சின்ன எழுத்து. உங்க மேனுவல்ல 10டபிள்யூ-30 போட்டிருந்தா அதையே வாங்குங்க. அது பிசுபிசுப்போட அளவு. ஏ.பி.ஐ. தர எழுத்து மேனுவல்ல சொன்னதுக்குக் குறையக் கூடாது. கிளட்ச் ஆயில்லயே முங்கி இருக்கிற கியர் பைக்குன்னா ஜேசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கணும். கார் ஆயில்ல உராய்வைக் குறைக்கிற சமாச்சாரம் சேர்த்திருந்தா, விலை உயர்ந்த ஃபுல்லி சிந்தெடிக்கா இருந்தாலும் உங்க கிளட்ச் வழுக்கும். இந்த மூணும் பொருந்தி, ஆயிலைக் காலத்துல மாத்தினா, மினரல் போதும்னு மேனுவல் சொல்ற பைக்குக்கு மினரலே போதும்.

கழிச்ச ஆயில் எங்க போகுது?

கடைசியா ஒண்ணு. கறுப்பாகி வெளிய வர்ற ஆயில்ல பேஸ் ஆயில் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். தீர்ந்துபோனது ஆடிட்டிவ், சேர்ந்தது அழுக்கு. காய்ச்சி வடிச்சு, ஹைட்ரஜன் கொடுத்துச் சுத்தம் பண்ணினா திரும்பவும் பேஸ் ஆயிலாகும். 2024 ஏப்ரல் 1-லிருந்து இந்தியாவுல கழிவு எண்ணெயைத் திரும்பச் சுத்திகரிக்க வைக்கிற பொறுப்பு தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மேலயும் இருக்கு. அதை ஓடையில கொட்டினாலோ அடுப்புல எரிச்சாலோ, கன உலோகமும் புகையும் அந்த ஊர்க்காரங்க கிணத்துக்கும் மூச்சுக்கும் போகும். அதனால அடுத்த சர்வீஸ்ல மெக்கானிக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, பழைய ஆயிலை யார்கிட்ட கொடுக்குறீங்க?"

அவர் சொன்ன பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.