பந்தாடும் பரி

பரி, புரவி, மா, இவுளி எனக் குதிரைக்கு நம் மொழியிற் பெயர்கள் பல. அதன் நடையை ஐங்கதி என வகுத்தனர் முன்னோர். அதனைப் பழக்கும் இடத்தைச் செண்டுவெளி என்றனர். அதன் வீரத்தைப் பாடுதற்கெனக் குதிரைமறம் என ஒரு துறையும் அமைத்தனர். இவற்றைக் கற்கும் மாணவர்க்குத் தமிழ்நாடு குதிரை வளர்ப்பிற் சிறந்த நாடு என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதிய செய்தி அவ்வெண்ணத்தைச் சிதைத்தது. இந்நாட்டரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வருவிக்கின்றனர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும், பேணும் முறை அறியாமையும் குதிரை வைத்தியர் இன்மையுமே அதற்குக் காரணம் என்றும் அவர் கூறுகின்றார். சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினராம்!

பயணிகள் கூறும் கணக்கில் மிகை இருக்கலாம். அவர் காட்டிய காரணம் பொருத்தமுடையதே. குதிரை புல் தின்னும் பிராணியாயினும், மாட்டைப்போல் அசைபோடுவதன்று. அதன் உடலை நோக்க இரைப்பை மிகச் சிறிது. உண்டது ஒவ்வாதாயின் கக்கிவிடும் ஆற்றலும் அதற்கில்லை. நாளிற் பெரும்பொழுது சிறிது சிறிதாக மேய்ந்து திரிதற்கே அதன் குடல் அமைந்துள்ளது. அத்தகைய உயிரை லாயத்திற் கட்டிவைத்து, ஒரே வேளையிற் பெருந்தீனி இட்டால், வயிற்றுவலி கண்டு ஓரிரவிலேயே மாண்டுவிடவுங் கூடும். ஆதலின் பசும்புல்லும் உலர்ந்த புல்லுமே அதற்கு முதலுணவு; கொள்ளு, ஓட்ஸ் முதலிய தானியங்கள் செய்யும் வேலைக்கேற்பச் சேர்க்கப்படுவன. அவற்றையும் பல வேளையாகப் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். ஓய்வுநாளிலும் தானியத்தைக் குறையாது கொடுத்து மறுநாள் கடுவேலை வாங்கினால், பின்புறத் தசைகள் இறுகிக் குதிரை அடியெடுத்து வைக்க இயலாது நின்றுவிடும். ஞாயிறன்று ஓய்ந்திருந்த வண்டிக்குதிரைகளிடம் இதனைக் கண்ட மேனாட்டார் 'திங்கட்காலை நோய்' என்று பெயரிட்டனர். மாணவர்க்கும் இந்நோய் உண்டு. ஆயின் அதற்குக் கொள்ளு காரணமன்று.

குதிரையைப் பேணும் அறிவு எவ்வளவு வேண்டும் என்பதைப் போலோ என்னும் குதிரைப் பந்தாட்டத்திற் காணலாம். (இவ்வாட்டத்தின் பெயருக்கும் மேற்கூறிய பயணியின் பெயருக்கும் தொடர்பில்லை, பந்தைக் குறிக்கும் 'புலு' என்னும் பால்டி மொழிச்சொல்லே போலோ ஆயிற்று.) மணிப்பூரில் 'சகோல் காங்ஜெய்' எனத் தொன்றுதொட்டு ஆடப்பட்டதைக் கண்ட ஆங்கிலேயர் 1859-ஆம் ஆண்டிற் சில்சாரில் ஒரு சங்கம் அமைத்தனர். அங்கிருந்து இவ்வாட்டம் கல்கத்தாவுக்கும் பின்பு இங்கிலாந்துக்கும் சென்றது. இன்று உலகெங்கும் பரவிய முறையிற் பக்கத்திற்கு நால்வர் ஆடுவர். வெளியின் நீளம் 300 கஜம். ஆட்டம் சுமார் 7 நிமிடப் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதிக்கும் 'சக்கர்' என்று பெயர்; நம் சக்கரமே அங்ஙனம் உருமாறியது. ஒரு சக்கரில் ஓடிய குதிரையை அடுத்ததிலும் ஓட்டுதல் வழக்கமன்று. ஆதலின் ஆடுவோனுக்குக் குதிரைகள் பல வேண்டும்.

குதிரை ஏறியறியாத யான் அதனைப் பழக்கும் முறையை எழுதப் புகுவது நகைப்புக்கிடமாகலாம். ஆயினும் நூல்வழி அறிந்ததைக் கூறுவேன். ஆடுவோன் வலக்கையிற் கோல் ஏந்துதல் வேண்டும். இடக்கையால் ஆடுதலை விதி விலக்குகின்றது. எனவே கடிவாள வார் அனைத்தும் இடக்கையொன்றிலே அடங்கும். வாயை இழுத்துத் திருப்புதற்கு இடமில்லை. வார் கழுத்திற் படுதலும், ஏறியிருப்பவன் உடல் சாய்தலும் அறிந்து குதிரை தானே திரும்பக் கற்றல் வேண்டும். மூன்று வயதளவில் தொடங்கும் இப்பயிற்சி முதலில் நடையிலும், பின்பு ஓட்டத்திலும், வட்டமாகவும் எட்டு வடிவாகவும் நடைபெறும். விரைந்தோடும்பொழுது பின்கால்களை உடலின்கீழ்க் கொணர்ந்து நிற்றலே யாவற்றினும் அரிய பாடம். வன்கையன் ஒருவன் கடிவாளத்தைப் பற்றி இழுப்பானாயின், குதிரை நோவினால் தலையை உயர்த்தி முதுகைத் தாழ்த்தும், முதுகு தாழ்ந்தால் பின்கால் உள்ளே வாராது, நிற்கவும் இயலாது. நிற்கவில்லையென்று அவன் மேலும் இழுப்பான்! இவ்வாறு கெட்டுப்போன குதிரைகள் பல. பழி மட்டும் குதிரையின்மேல்.

கோலைப் பழக்குதல் அடுத்த வேலை. முதலிற் பந்தின்றிக் கோலை இருமருங்கும் மெல்லச் சுழற்றி, அதனால் தீங்கில்லையென்று குதிரை தெளியச் செய்வர். பின்பு நடந்தவாறே பந்தடிப்பர். அதன்பின் வேறொரு குதிரையோடு தோள் உராய ஓட்டுவர். தொடக்கத்திற் கோல் ஒருமுறை காலிற் பட்டுவிட்டால், அவ்வச்சத்தைப் போக்கப் பல திங்கள் ஆகலாம். ஐந்தாறு வயதிற்கு முன் முழு ஆட்டத்திற்கு உரியதாதல் அரிது.

ஆட்டப் பருவத்திற்கு முன்னர்ப் பல வாரம் நடையும் மென்னோட்டமுமே தருவர். மூச்சும் தசையும் விரைவில் வலுப்பெறும். எலும்பும் நரம்புநாரும் அவ்வாறல்ல, மெல்லவே உறுதியடையும். ஆதலாற் குதிரை துள்ளுவதைக் கண்டு ஆட்டத்திற்கு ஆயத்தமாயிற்றென எண்ணுவோன், அதன் முன்கால் நாரை முறித்துவிடுவான். என் கருத்தில் இத்துறை முழுவதிலும் இதனினும் பெரிய செய்தி இல்லை.

ஆட்டநாளிற் கோலும் வாரும் சிக்காதிருத்தற்பொருட்டுப் பிடரிமயிரைக் கத்தரித்து, வாலைப் பின்னிக் கட்டி, நான்கு கால்களிலும் துணி சுற்றுவர். ஆட்டம் முடிந்ததும் சேணப் பட்டையைத் தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை நடத்தி, உடல்மேல் நீர் ஊற்றி வழிப்பர். மறுநாட் காலையிற் கால்களை உள்ளங்கையால் தடவி, எங்கேனும் சூடு தோன்றுகின்றதா என ஆராய்வது நல்ல குதிரைக்காரன் இயல்பு; நொண்டுவதற்கு முன்னரே சூடு காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு கலையும் பிறத்தற்குக் காரணமான மணிப்பூர்க் குதிரை சிறியது. உயரம் சுமார் 44 முதல் 52 அங்குலம். 1914-18 போருக்குப்பின் ஆட்டக்குதிரைக்குரிய உயர வரம்பு நீக்கப்பட்டதும் பெருங்குதிரைகளே உலகெங்கும் விரும்பப்பட்டன. மணிப்பூரிலோ மக்கள் தம் பழைய குதிரையையும், பக்கத்திற்கு எழுவராக ஆடும் தம் பழைய முறையையும் விடவில்லை. ஆயினும் 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்த குதிரைகள் சுமார் 1,100 மட்டுமே. அவை மேய்ந்துவந்த ஈரநிலங்கள் வயலாகவும் வீடாகவும் மாறின. 2016-ஆம் ஆண்டில் மாநில அரசினர் அவற்றைக் காக்கும் கொள்கையொன்றை வகுத்தனர். இம்பால் நகரத் தெருக்களில் இரைதேடி அலையும் குதிரைகள், குப்பையிற் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை விழுங்கி, கக்கவும் இயலாது மடிந்ததுண்டு.