நாலு நிமிஷ ராஜாவும் நாற்பது கிலோமீட்டரும்!

"மச்சி, 1500 மீட்டர்ல மெடல் அடிச்சவன்டா நீ. மாரத்தான் எல்லாம் உனக்கு ஜுஜுபி! பேரைக் குடு, டி-ஷர்ட்டாவது மிஞ்சும்!"

டிசம்பர் வந்தாலே காலேஜ் கிரவுண்டுகளில் இந்த டயலாக் காதில் விழும். ஜனவரியில் சென்னை மாரத்தான் வருகிறதே! ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் உட்கார்ந்து ஏற்றிவிட, நம்ம மிடில் டிஸ்டன்ஸ் ஹீரோவும் "பார்த்துக்கலாம்டா" என்று பேர் கொடுத்துவிடுவார். தினம் காலையில் அஞ்சு கிலோமீட்டர் ஜாகிங், வாரத்தில் ரெண்டு நாள் 400 மீட்டர் ரிப்பீட். இதுதான் பயிற்சி. முழுசாக 42.195 கிலோமீட்டர் என்பதைக் கணக்குப் புத்தகத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஓடி முடிப்பாரா, மாட்டாரா? பதிலுக்கு ஜோசியரிடம் போக வேண்டாம். 1896-ம் வருஷத்து ஏதென்ஸுக்குப் போனால் போதும்.

அஞ்சு நாள்... நாலு போட்டி!

எட்வின் ஃபிளாக். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வளர்ந்த பையன். வயசு 22. லண்டனில் கணக்குத் தணிக்கை வேலை. "ஏதென்ஸில் ஒலிம்பிக்னு புதுசா ஏதோ நடத்தறாங்களாம்" என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நவீன ஒலிம்பிக்கின் முதல் எடிஷன் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அவர் டைம்டேபிளைப் பாருங்கள், மூச்சு வாங்கும். ஏப்ரல் 6, 800 மீட்டர் தகுதிச் சுற்று. 7-ம் தேதி 1500 மீட்டர் ஃபைனலில் 4 நிமிடம் 33.2 விநாடியில் தங்கம். 8-ம் தேதி டென்னிஸ். ஆமாம், டென்னிஸ்! 9-ம் தேதி 800 மீட்டர் ஃபைனல், அதிலும் தங்கம். அன்றைக்கே குதிரை வண்டியில் ஏறி மாரத்தான் என்ற ஊருக்குப் பயணம். மறுநாள் மதியம் அங்கிருந்து ஏதென்ஸ் ஸ்டேடியம் வரைக்கும் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டம். (42.195 என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் வந்தது.)

அதுவரைக்கும் ஃபிளாக் ஓடிய அதிகபட்ச தூரம் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் என்கிறார்கள். பாக்கி 24 கிலோமீட்டருக்கு? தன்னம்பிக்கைதான்!

மெடல் லிஸ்ட் மொத்தமும் அவுட்!

அன்றைக்கு ஸ்டார்ட்டிங் லைனில் 17 பேர். 13 பேர் உள்ளூர் கிரேக்கர்கள், மீதி நாலு பேர் வெளிநாட்டுக்காரர்கள். அந்த நாலில் மூணு பேர் யார் தெரியுமா? 1500 மீட்டரில் தங்கம் வாங்கிய ஃபிளாக், வெள்ளி வாங்கிய அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், மூன்றாவதாக வந்த ஃபிரான்ஸின் அல்பன் லெர்முசியோ. ஒரு ரேஸின் மெடல் லிஸ்ட் அப்படியே இன்னொரு ரேஸில் வந்து நிற்கிறது!

ரேஸ் ஆரம்பித்ததும் மூணு பேரும் பறந்தார்கள். லெர்முசியோ பாதித் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நெருங்கிவிட்டார். பின்னால் வந்த கிரேக்கர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம்தான் விக்கெட்டுகள் விழ ஆரம்பித்தன. சுமார் 23-வது கிலோமீட்டரில் பிளேக் அவுட். 32-ல் லெர்முசியோ அவுட். இப்போது லீடிங்கில் ஃபிளாக்! "ஆஸ்திரேலியாக்காரன் முன்னாடி வர்றான்" என்ற சேதி சைக்கிளில் ஸ்டேடியத்துக்கு வந்து சேர, கூடியிருந்த கிரேக்கக் கூட்டத்துக்கு முகமே செத்துப்போச்சு.

ஆனால், பின்னாலிருந்து ஒருவர் நிதானமாக நெருங்கிக்கொண்டிருந்தார். ஸ்பிரிடான் லூயிஸ். மரூஸி கிராமத்திலிருந்து தண்ணீர் சுமந்து விற்கிறவர். வழியில் ஓர் ஊரில் நின்று ஒரு டம்ளர் ஒயின் குடித்துவிட்டு, "அவங்க எல்லாரையும் பிடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார் என்று ஒரு கதை உண்டு. சொன்னபடியே பிடித்தார். பக்கத்தில் வந்தவரைப் பார்த்து ஃபிளாக் வேகம் கூட்டிப் பார்த்தார். முடியவில்லை. இன்னும் சில கிலோமீட்டர்தான் பாக்கி என்ற இடத்தில் கால் தள்ளாடி, நினைவு குழம்பி விழப்போனார். தாங்கிப் பிடிக்க வந்த ரசிகரையே அடையாளம் புரியாமல் ஒரு குத்து விட்டார் என்பது வரலாறு.

லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 விநாடியில் ஜெயித்தார். வெளிநாட்டுக்காரர்களில் முடித்தது ஒரே ஒருவர்தான், ஹங்கேரியின் கெல்னர். 1500 மீட்டர் மெடல் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால், ஏதென்ஸுக்கு வருவதற்கு முன்பே அந்தத் தூரத்தை ஒருமுறை ஓடிப் பார்த்திருந்தார். மூன்றாவதாக வந்த கிரேக்கர் ஒருவர் வழியில் வண்டியில் ஏறி வந்தது தெரிந்து நீக்கப்பட, அந்த இடமும் கெல்னருக்கே கிடைத்தது!

ஸ்லோவா ஓடற மாதிரி ஒரு மாயை

எங்கே மாட்டினார்கள்? வேகம்தான் வில்லன். 1500-ல் ஃபிளாக்கின் வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் சொச்சம். மாரத்தானில் ஜெயித்த லூயிஸின் சராசரி கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 28 விநாடி. நாலு நிமிஷ ரேஸுக்குப் பழகின காலுக்கு அந்த வேகம் காலாற நடக்கிற மாதிரி இருக்கும். "இவ்வளவு ஈஸியா இருக்கே, கொஞ்சம் அழுத்தலாமே" என்று மனசு சொல்லும். அங்கேதான் பொறி!

உங்க கதையும் அதேதான் பாஸ். 1500-ஐ 4 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்க இன்ஜினீயரின் பிரபல ஃபார்முலாவில் அதைப் போட்டால், "மாரத்தானுக்கு சுமார் 2 மணி 35 நிமிடம்" என்று பதில் வரும். பார்த்ததும் காலரைத் தூக்கிவிடத் தோணும். ஆனால், அந்தத் தூரத்துக்கு உரிய பயிற்சி முழுசாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். உங்க பயிற்சி என்னன்னு ஃபார்முலாவுக்குத் தெரியாது. உங்க காலுக்குத் தெரியும்!

டேங்க் சின்னது தலைவா!

வேகமாக ஓடும்போது உடம்பு முக்கியமாக எரிப்பது கிளைகோஜன். நாம் சாப்பிடுகிற சோறு, இட்லி எல்லாம் மாவுச்சத்தாகத் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிற எரிபொருள். மொத்த ஸ்டாக் சுமார் 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் 2,000 கலோரி சொச்சம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவு. 60 கிலோ ஆள் 42 கிலோமீட்டர் ஓட 2,500 கலோரி வேணும். கணக்கு இடிக்கிறதா? 30 கிலோமீட்டர் தாண்டியதும் டேங்க் காலி! ஓட்டக்காரர்கள் இதைத்தான் 'சுவர்' என்கிறார்கள். பிளேக்கும் லெர்முசியோவும் ஃபிளாக்கும் விழுந்த இடங்களைத் திரும்பப் பாருங்கள், புரியும்.

மீதிக்குக் கொழுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஏராளமாக. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். மாசக்கணக்கில் நீண்ட தூரம் ஓடிப் பழகின உடம்பு, ஆரம்பத்திலிருந்தே கொழுப்பையும் கலந்து எரித்துக் கிளைகோஜனை மிச்சம் பிடிக்கும். பழகாத உடம்பு, அதுவும் வேகமாக ஓடினால், முதல் வாரத்திலேயே பாக்கெட் மணியைக் காலி பண்ணுகிற ஹாஸ்டல் பையன் மாதிரி!

இன்ஜின் ஓகே... ஆக்ஸில்?

இன்னொரு சிக்கலும் இருக்கு. மிடில் டிஸ்டன்ஸ்காரர்களுக்கு இதயமும் நுரையீரலும் சூப்பர் கண்டிஷனில் இருக்கும். தசைநாண், எலும்பு, தொடைத் தசைக்கெல்லாம் அந்த வேகத்தில் பலம் ஏறாது. மாரத்தானில் கால் ஆயிரக்கணக்கான தடவை தரையில் மோதும். ஒவ்வொரு மோதலும் உடம்பு எடையைப்போல ரெண்டு மூணு மடங்கு.

சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2006-ல் நியூயார்க் மாரத்தான் ஓடினார் (பின்னால் 2012-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்களை இழந்தவர்தான்). மலை மலையாக சைக்கிள் மிதித்த ஆள், 2 மணி 59 நிமிடம் 36 விநாடியில் முடித்துவிட்டு, "நான் செஞ்சதிலேயே உடம்புக்குக் கஷ்டமான வேலை இதுதான்" என்கிற அர்த்தத்தில் புலம்பினார். இன்ஜின் ரெடி, கால் ரெடியில்லை!

"1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எமில் ஸாடோபெக் முதல் மாரத்தானிலேயே தங்கம் அடிச்சாரே?" என்று யாராவது மடக்கலாம். அடித்தார். 5,000, 10,000 மீட்டர் தங்கங்களோடு இதையும் சேர்த்து அள்ளினார். ஆனால், அவருக்கு அது முதல் மாரத்தானே தவிர, பயிற்சி லைட் இல்லை. ஒரே நாளில் டஜன் கணக்கில் 400 மீட்டர்களை ஓடித் தள்ளுகிற மனுஷன் அவர். அந்த ரேஸில் ஆரம்பத்தில் வேகமாகக் கிளம்பியவர் இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ். உலகிலேயே வேகமான மாரத்தான் நேரத்தைக் கையில் வைத்திருந்தவர். அவரே பாதியில் விலகினார்!

பேர் கொடுத்தாச்சு... இனி?

நாலைந்து மாசம் டைம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தை ஏற்றி 30 கிலோமீட்டர் வரை. டைம் இல்லையா? 10 கிலோமீட்டர் அல்லது அரை மாரத்தானுக்கு மாறிக்கொள்வது கோழைத்தனம் இல்லை. "இல்லை, ஓடியே தீருவேன்" என்றால்...

* எக்ஸாமுக்கு முதல் நாள் நைட் அவுட் படிப்பு மாதிரி, கடைசி வாரத்தில் 30 கிலோமீட்டர் ஓடிப் பார்க்காதீர்கள். கடைசி ரெண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

* பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்க வேகம். மூச்சு வாங்கினால் குறையுங்கள். நாலரை மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி போதும்.

* நடக்கப் போகிறீர்கள் என்றால் முதல் கிலோமீட்டர்களிலிருந்தே இடையிடையே நடங்கள். விழுந்தப்புறம் நடப்பது கணக்கில் வராது.

* பசிக்கும் முன்பே வாழைப்பழமோ ஜெல்லோ உள்ளே போகட்டும். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதையே சாப்பிடுங்கள். தண்ணீர், தாகத்துக்கு ஏற்ற அளவு. லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும்.

* புது ஷூ அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

* நெஞ்சு வலி, தலைசுற்றல், குழப்பம் வந்தால் அப்படியே நின்று மெடிக்கல் டீமைக் கூப்பிடுங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஹீரோயிஸம் காட்டாதீர்கள்.

கடைசியாக, ரொம்பக் கஷ்டமான விஷயம் ஒன்று. 1500-ல் உங்களை யாராவது முந்தினால் ரத்தம் கொதிக்கும், விரட்டுவீர்கள். இங்கே பத்தாவது கிலோமீட்டரில், உங்க அப்பா வயசு அங்கிள் ஒருத்தர் தொப்பையோடு முந்திப் போவார். அடுத்து ஸ்கூல் டீச்சர் மாதிரி ஓர் ஆன்ட்டி. போகவிடுங்கள். விரட்டாமல் இருக்கத்தான் இங்கே தில் வேணும்!

ஃபிளாக் ஒன்றும் தோற்றுப்போனவர் இல்லை. ரெண்டு தங்கத்தோடு ஊர் திரும்பி, அப்பாவின் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து, 1935-ல் மறையும் வரை நிம்மதியாகத்தான் வாழ்ந்தார். ஆனாலும் ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்த அந்த ஆடிட்டர், அன்றைக்கு மதியம் ஒரே ஒரு கணக்கைப் பார்க்க மறந்துவிட்டார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

நீங்க பார்த்துட்டு ஓடுங்க பாஸ்!