எந்திரமின்றிப் பறக்கும் ஜெட்

ஜெட் போர் விமானத்தின் சிறு மாதிரியொன்று, எந்திரமின்றியே மலைச்சரிவின் மேல் நெடுநேரம் பறக்கக்கூடும். எவ்வாறு? சரிவில் மோதுங் காற்று மேலெழுகின்றது. மாதிரி அக்காற்றினூடே தாழ்ந்து சறுக்கினும், அது தாழும் வேகத்தினுங் காற்று எழும் வேகம் மிகுமாயின், உயர்ந்தே செல்லும். 1911இல் ஓர்வில் ரைட் அமெரிக்க மணற்குன்றொன்றின் மேல் இம்முறையிலேயே 9 நிமிடம் 45 வினாடி பறந்தார். ஜெட்டின் சிறகு சிறிது. ஆதலின் மாதிரி பாரங் குறைந்ததாகவும் காற்றுப் பலத்ததாகவும் இருத்தல் வேண்டும்.

பதுளை, மொனராகலைப் பகுதி மலைகளிலே, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கிழக்குச் சரிவுகளில் ஏறி மழை பொழிகின்றது. ஆடியிலோ தென்மேல் காற்று மத்திய மலைகளைக் கடந்து, வறண்ட கச்சானாக அச்சரிவுகளில் இறங்குகின்றது. முன்னர் ஏற்றிய சரிவே பின்னர் வீழ்த்தும். காற்றின் திசையறியாது விடுபவரின் பன்னாள் உழைப்பு நொடியில் நொறுங்கும்.