வாசல்லயே நில்லுங்க ஸார்!

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குக் கேமராவோடு போகிற நம்மவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் இரண்டையும் விறுவிறுவென்று தாண்டி உள்ளே ஓடுவார்கள். மாமனார், மாமியார், மச்சினி சகிதம் வரிசையாக நின்று... க்ளிக்! வீட்டுக்கு வந்து பார்த்தால் 200 அடிக்கும் உயரமான விமானத்தில் பாதியைக் காணோம். மாமனார் உச்சந்தலையில் கொடிமரம் முளைத்திருக்கும்.

அவசரப்படாதீங்க. அந்த இரண்டாவது வாசலுக்குள்ளேயே, நிழலில் கொஞ்ச நேரம் நில்லுங்க. இரண்டு பக்கமும் இருட்டாகக் கல் சுவர். நடுவில், வெயிலில் குளித்தபடி நந்தி மண்டபம். அதற்குப் பின்னால், ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த விமானம். சட்டம் போட்ட படம் ரெடி! போட்டோகிராபர்கள் இதைத்தான் 'ஃப்ரேமிங்' என்கிறார்கள்.

இருட்டான ஓரங்கள் பார்வையை வெளிச்சத்துக்குத் தள்ளிவிடும். பக்கத்தில் கல், தூரத்தில் விமானம் என்பதால் தட்டையான படத்துக்கும் ஓர் ஆழம் கிடைக்கும். குப்பைத்தொட்டி, ஐஸ்க்ரீம் சாப்பிடுகிற டூரிஸ்ட் எல்லாம் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுவது போனஸ்.

எவ்வளவு தள்ளி நிற்பது? இதற்குத் தாஜ்மகால்தான் வாத்தியார். அதன் பிரதான நுழைவாயிலில் தள்ளி நின்று பார்த்தால் வளைவு முழுக்கத் தாஜ்தான். வளைவை நோக்கி நடக்க நடக்க, தாஜ் சின்னதாகிப் பின்னால் போகிற மாதிரி இருக்கும். மந்திரமெல்லாம் இல்லை. பக்கத்தில் இருக்கிற வளைவு, நாலு எட்டு வைத்தாலே கண்ணுக்குப் பெரிசாகிவிடும். தூரத்துத் தாஜ் கிட்டத்தட்ட அதே சைஸில்தான் இருக்கும். ஆக, ஜூம் விரலில் இல்லை ஸார், காலில் இருக்கிறது!

நாலு பக்கமும் சட்டம் இருந்தே தீரணும் என்றில்லை. மேலே ஒரு வேப்பங்கிளை, ஓரத்தில் ஒரு தூண், ரயில் ஜன்னல்... போதும். சட்டத்தின் விளிம்பு யார் கழுத்தையும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லன், வெளிச்சம். சுவரின் இருட்டைப் பார்த்துப் பயந்துபோய்க் கேமரா வெளிச்சத்தை அள்ளிவிட்டால், விமானம் வெளுத்துப்போகும். செல்போன் என்றால், திரையில் விமானத்தின் மேல் ஒரு தட்டு தட்டுங்கள். வெளிச்சத்தை அதற்கேற்ப அது குறைத்துக்கொள்ளும். சுவர் கறுத்துப்போகுமே? போகட்டும், சட்டம்தானே! ஆளை வைத்து எடுப்பதானால் அவரை வாசலுக்கு அந்தப் பக்கம், முகத்தில் வெயில் விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் உள்ளேயிருந்து எடுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்ட கதை வேறு. 1994. இரவல் கேமரா, 36 படம் எடுக்கிற ரோல். அப்பா, அம்மாவை அதே வாசலின் நிழலில் நிற்கவைத்து எடுத்தேன். பிரிண்ட் வந்தது. விமானம் பளிச்! முன்னால் இரண்டு கரிக்கட்டைகள்.

"ஏண்டா, எங்களை எடுக்கச் சொன்னா எங்க நிழலை எடுத்திருக்கே!" என்று சிரித்தார் அப்பா.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அதுதான். மூஞ்சி தெரியாத படத்தை எதற்கு மாட்டுவது என்று நான்தான் அலமாரியில் போட்டுவைத்திருந்தேன். அம்மா எடுத்து ஹாலில் மாட்டிவிட்டாள்.

"மூஞ்சி எதுக்குடா? எப்பவும் போல ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு..."