கடுகண்ணாவைச் சரிவில் ஒரு பௌதிக பாடம்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்திற் சென்றோர், ரம்புக்கனையைக் கடந்ததும் வண்டியின் ஓசை மாறுவதைக் கேட்டிருப்பர். அங்கிருந்து கடுகண்ணாவை வரை மலையேற்றம். 1867 ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய இப்பாதை, இச்சரிவில் 45 அடி செல்ல ஓரடி உயருமாறு அமைந்துள்ளது. நீராவிக் காலத்தில், முன்னே ஓர் இயந்திரம் இழுக்கப் பின்னே மற்றொன்று தள்ளியே வண்டிகள் ஏறியதுண்டு.

சன்னலோரம் அமர்ந்தோர் மலைக்காட்சியிற் களிப்பர். பௌதிக ஆசிரியர்க்கோ அச்சரிவே ஒரு கரும்பலகை.

நம் மாணவர் நியூற்றனின் விதிகளைப் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆயின் ஒரு வினாவை விடுத்துப் பாருங்கள். வளைவற்ற பகுதியில் வண்டி மாறாத வேகத்துடன் ஏறுகிறது. செலுத்தும் விசை பெரிதா, எதிர்க்கும் விசைகளின் கூட்டுத்தொகை பெரிதா? "செலுத்தும் விசையே பெரிது, அன்றேல் எவ்வாறு ஏறும்?" என்பர் பலர். அது தவறு, இரண்டும் சமம். வேகத்தை மாற்றுதற்கே மிகைவிசை வேண்டும். மாறாத வேகத்தைக் காத்தற்கு அன்று.

இதற்காக மாணவரை நகைத்தல் தகாது. இயக்கம் நீடிக்க விசை வேண்டுமென்றே அரிஸ்டோட்டிலும் எண்ணினார். சரிவுப் பலகையில் உருண்டைகளை உருட்டி ஆராய்ந்த கலிலியோவின் நூல் 1638 இலும், நியூற்றனின் நூல் 1687 இலுமே வெளிவந்தன. இரண்டாயிரம் ஆண்டுத் தடுமாற்றத்தை ஒரு பாடவேளையில் நீக்கிவிட இயலுமா?

ஆதலின் சரிவை வகுப்பறைக்குக் கொணர்வோம். 90 சதமமீற்றர் நீளப் பலகையின் ஒரு முனையை 2 சதமமீற்றர் உயர்த்தினால் அதுவே கடுகண்ணாவைச் சரிவு. "இவ்வளவுதானா!" என மாணவர் வியப்பர். 900 கிராம் நிறையுள்ள சிறுவண்டியை அதில் வைத்து விற்றராசினாற் பிடித்தால், உராய்வு சொற்பமாயின், அது 20 கிராம் அளவே காட்டும். இனி 180 தொன் வண்டியைக் கணக்கிடச் சொல்லுங்கள். புவியீர்ப்பு மட்டுமே 4 தொன் நிறையளவு பின்னிழுக்கும். இரண்டாம் இயந்திரம் எதற்கென்பதை அவர்களே கூறுவர்.

மழைநாளிற் சக்கரம் வழுக்காதிருக்க, இயந்திரம் தண்டவாளத்தில் மணல் தூவும். உராய்வைப் பகையென்றே கற்ற மாணவன், வண்டியை முன்செலுத்துவதும் அதுவே என அறிவான்.

கொழுந்துச் சுமையுடன் மலைச்சரிவில் இறங்கும் தாயை நாள்தோறும் காணும் தோட்டத்துப் பிள்ளைக்கு விசை புதிதன்று. "ஆர்முடுகல்", "சடத்துவம்" என்னுஞ் சொற்களே புதியவை. சொல்லை முன்வைத்து அனுபவத்தை மறந்தால், பாடம் அப்பிள்ளைக்கு அந்நியமாகிவிடும். முதலிற் காட்சி, பின்பு அளவு, அதன்பின் சொல் என்னும் முறையே நன்று.

கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையிற் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒரு பலகையையும் விற்றராசையும் உடன்கொண்டு செல்வாராக.