மண்ணில் நட்டால் சாகும் செடி!

செடி என்றால் மண் வேண்டும். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால், மண்ணில் நட்டால் செத்துப்போகும் செடிகளும் உண்டு. மரத்தில் வாழும் ஆர்க்கிட் செடிகள் அப்படிப்பட்டவை!

பூவின் அழகைப் பார்த்து ஆசையோடு வாங்கி வருகிறார்கள். தொட்டியில் செம்மண் நிரப்பி நடுகிறார்கள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேர் அழுகிவிடுகிறது. கொடுத்த பணமும் போய்விடுகிறது. காரணம் என்ன?

மரமே வீடு

வெப்ப நாட்டு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளைகளில் வாழ்கின்றன. நம் நாட்டு மரங்களிலும் "வாண்டா" என்னும் ஆர்க்கிட் வளர்கிறது. அந்தப் பெயரே வடமொழியிலிருந்து வந்ததுதான். இது புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை உறிஞ்சாது. கிளையில் குடியிருக்கும், அவ்வளவுதான்.

இதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை உறை இருக்கிறது. மழை பெய்ததும் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். காற்றுப்படாத வேர் அழுகும்.

வளர்ப்பது எப்படி?

சென்னை போன்ற வெப்பமான ஊர்களுக்கு டெண்ட்ரோபியம், வாண்டா ஆகிய இரண்டும் ஏற்றவை.

பக்கங்களில் ஓட்டை உள்ள மண்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடுப்புக்கரித் துண்டுகளையும் உடைந்த ஓட்டுச் சில்லுகளையும் போட்டு, டெண்ட்ரோபியத்தை வையுங்கள். வாண்டாவுக்கு அதுவும் வேண்டாம். மரச்சட்டக் கூடையில் கட்டித் தொங்கவிட்டாலே போதும்.

காலையில் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு முன் வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால், செடிக்குத் தாகம். பச்சையாக இருந்தால், ஈரம் இருக்கிறது, பொறுத்திருங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா?

காலை வெயில் நல்லது. உச்சி வெயில் நேராக விழக்கூடாது. இலை கரும்பச்சையாகிப் பூக்காமல் நின்றால், வெளிச்சம் போதவில்லை. இலை கருகினால், வெயில் அதிகம்.

காட்டுச் செடி வேண்டாம்

ஆர்க்கிட் விதை தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் உணவு கொடுத்தால்தான் முளைக்கும். ஆகவே, காட்டில் ஒரு செடியைப் பிய்த்தெடுத்தால், அந்த இடத்தில் இன்னொன்று எளிதில் வராது.

1922-ம் ஆண்டில் லூயிஸ் நூட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வழி கண்டார். சர்க்கரை கலந்த கூழில், பூஞ்சணம் இல்லாமலே விதையை முளைக்க வைத்தார். இன்று பண்ணைகளில் ஏராளமான நாற்றுகள் வளர்வது அதனால்தான். அங்கிருந்தே வாங்குங்கள்.

டெண்ட்ரோபியத்தின் ஒரு பூங்கொத்து வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும். தோட்டம் வேண்டாம், காற்றும் வெளிச்சமும் வரும் தாழ்வாரம் போதும்!