ஏப்ரல் 26 வரை தூங்கிய வைரஸ்

கணினியை ஆன் செய்கிறீர்கள். உள்ளே மின்விசிறி சுழலும் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. 1999 ஏப்ரல் 26ஆம் தேதி தென்கொரியா, துருக்கி உட்படப் பல நாடுகளில் ஏராளமானோர் இப்படித்தான் கைபிசைந்து நின்றார்கள்.

தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸின் வேலை அது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் விழித்ததால் 'செர்னோபில்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அளவு சுமார் ஒரு கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 புரோகிராம் கோப்புகளுக்குள் காலியாகக் கிடக்கும் இடைவெளிகளில் தன்னைத் துண்டு துண்டாகச் செருகிக்கொள்ளும். கோப்பின் அளவு கூடாததால் எளிதில் சந்தேகம் வரவில்லை. தொற்றிய புரோகிராம் ஒன்றைத் திறந்தால் போதும், நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தடுத்துத் திறப்பவற்றிலும் ஏறிவிடும். திருட்டு மென்பொருளில் மட்டும் அது பரவவில்லை. கடைக்கு வந்த சில புதுக் கணினிகளிலேயே இருந்தது.

குறித்த நாளில் ஹார்ட் டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு தொடங்குவது அங்கேதான். அடுத்து, கணினியை எழுப்பும் பயாஸ் சிப்பில் குப்பையை எழுதப் பார்த்தது. அது பலித்த கணினிகளில் சிப்பையோ மதர்போர்டையோ மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த ஒரு மெகாபைட்டுக்குப் பின்னால் இருந்த படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் அழியவில்லை. அவசரப்படாதவர்கள் பலரால் அவற்றை மீட்க முடிந்தது. இன்றும் சர்வீஸ் கடையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "ஃபார்மேட் பண்ணிடாதீங்க, உள்ளே இருக்கிறது வேணும்."

எழுதியவருக்கு என்ன ஆனது? பாதிக்கப்பட்டவர் யாரும் புகார் கொடுக்காததால் தைவானில் அப்போது வழக்கே போட முடியவில்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. 43ஆம் பிரிவின்படி, வைரஸைப் புகுத்தியவரிடம் இழப்பீடு கேட்கலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே விசாரிப்பார். கெட்ட நோக்கத்தோடு செய்திருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமோ சைபர் கிரைம் காவல் நிலையமோ. திரையில் தெரிவதைப் படம் எடுத்து வையுங்கள், வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

இத்தகைய தாக்குதல் சிஐஎச்சோடு முடிந்துவிடவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையின் படங்களையும் சான்றிதழ்களையும் இன்றிரவே தனி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். எடுத்த கையோடு கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருக்கும் டிஸ்கையும் இத்தகைய வைரஸ் பூட்டிவிடும்.